ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், ஆனால் ஒட்டவில்லை: என்ன செய்யலாம்?

கேட்டவரின் நிலை இது. திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். வேலைக்காகச் சென்னை வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை. ஆனால் எளிமை, சமத்துவம், இல்லாதவருக்கு உதவுவது என்று தான் மனதார நம்புகிற எதற்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கும் தொடர்பே இல்லாததுபோல் இருக்கிறது. சபை வழியாக அர்த்தத்தோடு வாழ முடியுமா, அதற்கு எங்கே தொடங்குவது, நம்பிக்கை பாதியாக இருக்கும்போது திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) எடுக்கலாமா என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் ஆராதனையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் அது வந்துவிடாது. நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் யாரோ ஒருவருக்குக் கை ஒடிந்ததுபோல் ஆகவேண்டும். அப்படி ஒரு பொறுப்பு வாய்க்கும் வரை, எத்தனை நல்ல பிரசங்கம் கேட்டாலும் நீங்கள் விருந்தாளிதான்.

முதலில் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். உங்கள் பெயர் எந்தச் சேகரத்தின், அதாவது ஓர் ஆயரின் (போதகரின்) பொறுப்பில் உள்ள சபைப் பகுதியின், பதிவேட்டில் இருக்கிறது? சென்னைக்கு வந்த தென்மாவட்டக் குடும்பங்கள் பலவற்றில் சங்கக் காணிக்கை இன்னும் ஊர்க்கோயிலுக்கே போகிறது. கல்யாணம் என்றால் ஓலை வாசிப்பதும் (திருமண அறிவிப்பு) அங்கே, அடக்கம் என்றால் கல்லறைத் தோட்டமும் அங்கே. ஊர்ப்பற்று நல்லதுதான். ஆனால் அதன் விளைவாக நகரத்துச் சபையில் பத்து ஆண்டுகள் உட்கார்ந்திருந்தும் கணக்கில் வராத ஆளாகவே இருந்துவிடுகிறோம். ஆயருக்கு வீட்டு முகவரி தெரியாது, வட்டார ஜெபக்குழுப் பட்டியலில் பெயர் இருக்காது, ஆஸ்பத்திரியில் கிடந்தால் யாரும் வரமாட்டார்கள். பிறகு ‘இந்தச் சபையில் அன்பே இல்லை’ என்று சொல்கிறோம். ஊர்ச் சேகரத்து ஆயரிடம் இடமாற்றக் கடிதம் வாங்கி, இங்குள்ள சேகரச் செயலரிடம் கொடுங்கள். ஞானஸ்நானம் பெற்ற தேதியும் திடப்படுத்தல் எடுத்த தேதியும் கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்கோயிலுக்குக் காணிக்கை அனுப்புவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

எந்தச் சபை என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒரே ஞாயிறில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். திருவருகைக் காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) தொடங்கி பெந்தெகொஸ்தே (ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பண்டிகை) வரை, ஏறக்குறைய ஆறு மாதம், ஒரே இடத்துக்குப் போங்கள். கிறிஸ்துமஸ் கூட்டம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களின் ஒடுக்கம், பெரிய வெள்ளியின் மும்மணி தியானம், அதன்பின் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி எல்லாம் இந்த ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். ஒரு சபையின் உண்மையான முகம் இவற்றுக்குள் தெரிந்துவிடும். ஆயரை மட்டும் பார்த்து முடிவு செய்யவேண்டாம். சிஎஸ்ஐயில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயர் மாற்றல் வரும். அவருக்காகச் சேர்ந்தவர்கள் அவர் போனதும் பாதி வழியில் நிற்பார்கள்.

ஞாயிறு ஆராதனையில் முகங்கள்தான் பழகும். பெயர்கள் பழகுவது வீட்டு ஜெபக்குழுவில். பெரிய சேகரங்களில் தெரு அல்லது பேட்டை வாரியாக இப்படிக் குழுக்கள் உண்டு. பத்து முதல் இருபது பேர், மாதம் ஒன்றோ இரண்டோ மாலை, ஒரு மணி நேரம். இங்கே மூன்று மாதம் பேசாமல் போய்வாருங்கள். யாருக்கு மகன் வேலையில்லாமல் இருக்கிறான், யார் டயாலிசிஸ் போகிறார், எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் தானாகத் தெரியவரும்.

இந்தக் குழுக்கள் கெடுவதற்கு இரண்டு வழி. ஒன்று பலகாரம். முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும், இரண்டாம் வீட்டில் வடை, ஐந்தாம் வீட்டில் பிரியாணி. அதற்குப் பிறகு வசதியில்லாத வீடு கூட்டத்தைத் தன் வீட்டில் வைக்கக் கூசும். டீ, பிஸ்கட் தவிர எதுவும் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்த குழுக்கள்தான் நீடிக்கின்றன. மற்றது ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வரும் ஊர்வம்பு. ‘ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்’ என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்டால் எச்சரிக்கையாகிவிடுங்கள். தன்னைப் பற்றியோ, சொல்லச் சொன்னவரைப் பற்றியோ மட்டுமே குறிப்புக் கொடுக்கலாம் என்ற விதியைக் குழுத்தலைவர் பிடிவாதமாகக் காக்கவேண்டும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு பொறுப்பு. ஒன்றே ஒன்று. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கணினி தெரிந்த, வாகனம் வைத்திருக்கிற, முடியாது என்று சொல்லத் தெரியாத வாலிபர் ஒருவர் கிடைத்தால் சபை அவரை விடாது. ப்ரொஜெக்டர், ஒலிபெருக்கி, பாடகர் குழு, வாலிபர் ஐக்கிய சங்கச் செயலர், கிறிஸ்துமஸில் வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனிக்கு வேன் பிடிப்பது என எல்லாம் ஒருவர் தலையில் விழும். இரண்டு கிறிஸ்துமஸ் தாண்டுவதற்குள் அவர் சபைக்கு வருவதையே நிறுத்திவிடுவார். வாரந்தோறும் ஒரு வேலை, ஆண்டில் ஒரு பருவத்துக்கு இன்னொரு வேலை, இதுதான் அளவு. அதற்குமேல் கேட்டால் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம் ஐயா’ என்று சொல்லிப் பழகுங்கள்.

எந்த வேலை என்பதை உங்கள் மதிப்பீடுகளிடமிருந்தே எடுக்கலாம். நீங்கள் சொன்ன மூன்றையும் வைத்தே பேசுகிறேன்.

இல்லாதவருக்கு உதவுவது என்றால் நோயாளிகளையும் முதியவர்களையும் வீட்டில் போய்ப் பார்க்கும் வேலையை முதலில் சொல்வேன். சபை வேலைகளில் மிகவும் ஆள் தேவைப்படுவது இதுதான், மேடையே இல்லாத வேலையும் இதுதான். முறை இருக்கிறது. முன்பே போன் செய்து, சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து, இருவராகப் போகவேண்டும். இருபது நிமிடத்துக்குமேல் உட்காரக்கூடாது. நோய் என்ன, டாக்டர் என்ன சொன்னார் என்று துருவவேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வாசிக்க 23 அல்லது 121ஆம் சங்கீதம் போதும், இரண்டும் சிறியவை. பெரும்பாலான முதியவர்கள் மனப்பாடமாகக் கூடவே சொல்வார்கள், அது அவர்களுக்குத் தெம்பு. பிரசங்கம் வேண்டாம். ‘விசுவாசம் இருந்தால் எழும்பிவிடுவீர்கள்’ என்பது போன்ற பேச்சு அறவே வேண்டாம், எழும்பாதவர் அந்தப் பழியையும் சேர்த்துச் சுமப்பார். புகைப்படம் எடுத்து சபை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது. கிளம்பும்போது மருந்து வாங்கவேண்டுமா, மின்கட்டணம் கட்டவேண்டுமா என்று குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். ‘ஏதாவது தேவைன்னா சொல்லுங்க’ என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். கோயிலுக்கு வரமுடியாதவருக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்க ஆயர் வருவார், பெயரைச் சேகர அலுவலகத்தில் சொல்லிவைப்பதும் உங்கள் வேலை.

இதையொட்டியதே மரண வீட்டு உதவி. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்குக் காகிதவேலை தலைசுற்றும். மருத்துவரிடம் மரணக் காரணச் சான்று வாங்குவது, கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் பேசுவது, பெட்டிக்குச் சொல்வது, ஆராதனை நேரத்தை ஆயரோடு முடிவுசெய்வது, 21 நாட்களுக்குள் மரணத்தைப் பதிவுசெய்வது என வரிசையாக நிற்கும். இவற்றை அறிந்த இரண்டு பேர் ஒரு சபையில் இருந்தால் போதும். அடக்கத்துக்கு மறுவாரம் அந்த வீட்டுக்கு ஒருமுறை போகவேண்டும். முதல் மூன்று நாள் கூட்டம் நிற்கும், எட்டாம் நாள் யாரும் இருக்கமாட்டார்கள்.

எளிமை என்றால், ஒரு பழைய வழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன்: கைப்பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்து மாதக்கடைசியில் கோயிலில் கொடுப்பது. ஒரு கைப்பிடி சுமார் 35 கிராம் என்றால், நாளுக்கு இரு வேளை, மாதம் 2 கிலோ. ஐம்பது வீடு செய்தால் 100 கிலோ. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் இதே வழக்கம் 1910 முதல் நடந்துவருகிறது, அங்கே சபையின் வருமானத்தில் அது முக்கியமான பங்கு. நெல்லைச் சபைகளிலும் பெண்களின் கைக்காணிக்கை நெடுங்காலம் ஊழியத்தைத் தாங்கியிருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், இந்தியர் பணத்தில் இந்தியரே நடத்தவேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்தச் சங்கம் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பியது. 1912-இல் அசரியாவே அங்கே பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

இன்று மாதக்கடைசியில் போனில் பணம் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அனுப்பலாம், தொகை கூடுதலாகவும் இருக்கும். ஆனால் கைப்பிடி அரிசி சேர்ப்பது அரிசியை மட்டுமல்ல, ஒரு நாளில் இரண்டு முறை அடுத்தவர் வயிற்றை நினைக்கவைக்கிறது. விடுதியில் இருப்பவர், சமைக்காதவர் லெந்து நாட்களில் இதற்கு ஈடாக ஒன்றைச் செய்யலாம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை, ஞாயிறுகள் நீங்கலாக 40 நாள், வெளியில் வாங்கும் ஒரு காபியையோ ஒரு சாப்பாட்டையோ விட்டு அந்தத் தொகையை அன்றன்றே தனியாக எடுத்துவைப்பது. கடைசியில் கணக்குப்போட்டு மொத்தமாகக் கொடுப்பவர்களுக்கு நாற்பது நாளும் ஒன்றும் நடந்ததாகவே தெரியாது.

காணிக்கை பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) சிஎஸ்ஐயில் யாரும் கணக்குக் கேட்டு வாங்குவதில்லை. ஒரு விழுக்காட்டை நீங்களே முடிவுசெய்து மூன்றாகப் பிரிப்பது நல்லது என்பது என் கருத்து: சேகரத்தின் நடப்புச் செலவுக்கு ஒரு பங்கு, மிஷனெரி அல்லது பள்ளி, மருத்துவப் பணிக்கு ஒரு பங்கு, பெயர் தெரிந்த ஒரு மாணவருக்கோ நோயாளிக்கோ நேரடியாக ஒரு பங்கு. முதல் பங்கைப் பலர் வெறுப்போடு பார்ப்பார்கள். கோயிற்பிள்ளையின் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அவரைப் பற்றி எழுதினாலே சமத்துவம் வந்துவிடுகிறது. விடியலில் கதவு திறந்து, மணியடித்து, பெருக்கி, திருவிருந்துப் பாத்திரம் விளக்கி, எல்லோரும் போனபின் பூட்டுகிறவர் அவர். ஒரு சபை சமத்துவத்தை எவ்வளவு நம்புகிறது என்று அறிய அவர் மாதச் சம்பளம் என்ன, வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா, அவருக்கு விடுமுறை நாள் உண்டா என்று விசாரியுங்கள். ஆண்டுக்கணக்கு சபையார் கூட்டத்தில் வாசிக்கப்படும்போது இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதியைத் தாண்டி இந்தப் பதில் போகமுடியாது. நம் சபைகளில் சாதி நேற்று நுழைந்ததில்லை. 1799-இல் தாவீது சுந்தரானந்தம், ஊரார் துன்புறுத்திய புதுக் கிறிஸ்தவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று சாத்தான்குளத்துக்கு அருகே முதலூரை உருவாக்கினார். இப்படி ஒடுக்கப்பட்டோருக்குப் புகலிடம் கட்டிய அதே சபையில், 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை அடியோடு விடவேண்டும் என்று கடிதம் எழுதியபோது தஞ்சையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை நாம் இன்றும் உருகிப் பாடுகிறோம். இரண்டும் நம் வரலாறுதான்.

இன்றைக்குச் சாதி பெஞ்சுகளில் தெரியாது. திருமணப் பேச்சிலும், சேகரத் தேர்தல் அணிகளிலும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் தெரியும். ஒரு தனி ஆள் என்ன செய்யமுடியும்? நவம்பர் இரண்டாம் ஞாயிறு இந்தியச் சபைகள் பலவும் தலித் விடுதலை ஞாயிறாக அனுசரிக்கின்றன. உங்கள் சேகரத்தில் அது வெறும் அறிவிப்போடு போய்விடுகிறதா, அன்று யார் வேதபாடம் வாசிக்கிறார், யார் பேசுகிறார் என்று பாருங்கள், குறை இருந்தால் ஆயரிடம் அக்டோபரிலேயே சொல்லுங்கள். அதே வாரம் போய்ச் சொன்னால் ஒன்றும் நடக்காது.

அசன விழா இதற்கு இன்னொரு இடம். எல்லோரும் ஒரே பந்தியில் ஒரே சாப்பாடு சாப்பிடுவதுதான் அதன் உயிர். நூறு பேருக்கு 12 முதல் 14 கிலோ அரிசி, சாம்பாருக்கு 3 கிலோ துவரம்பருப்பு என்று கணக்குப் போடுவது எளிது. கெடுவது அளவில் இல்லை. முக்கியப் பிரமுகர்களுக்குத் தனி அறை, தனி மேசை என்று யாராவது தொடங்கிவைப்பார்கள், அங்கேதான் கெடுகிறது. பரிமாறும் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். கமிட்டி உறுப்பினர்களும் பந்தியிலேயே உட்காரட்டும் என்று வாளியைக் கையில் வைத்திருப்பவர் சொன்னால் மறுப்பது கடினம். அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் இதே வியாதி உண்டு. ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் ஏலம் போவது வேடிக்கைதான், ஆனால் இருநூறு ரூபாயோடு வந்தவர் கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போகிறார். சிறிய பொருட்களைக் குறைந்த விலையில் முதலில் ஏலம் விட்டு, பெரியவற்றைக் கடைசியில் வைத்தால் எல்லோர் கையிலும் ஏதாவது வீடு போய்ச்சேரும்.

பெண்கள் ஐக்கிய சங்கம் செய்யும் வேலைக்கும் சேகரக் கமிட்டியில் பெண்களுக்கு இருக்கும் இடங்களுக்கும் உள்ள தூரத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஆந்திராவின் நந்தியாலில் புஷ்பா லலிதா பேராயரானது 2013-இல். 1947 செப்டம்பர் 27 அன்று உருவான சிஎஸ்ஐ சபைக்கு ஒரு பெண் பேராயர் கிடைக்க அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின.

பாட்டு வரும் என்றால் பாடகர் குழு நல்ல நுழைவாயில், வாராவாரம் ஒத்திகை இருப்பதால் பழக்கம் தானாக வரும். பிள்ளைகளோடு வேலை என்றால் ஓய்வுநாள் பாடசாலை. இங்கே ஒரு நிபந்தனையை விடாதீர்கள்: ஒரு வகுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்கவேண்டும், ஒரு பிள்ளையைத் தனியாக யாரும் அழைத்துப்போகக் கூடாது. பாலியல் புகார் வந்தால் சபைக்குள் பேசித் தீர்க்க வழியே இல்லை, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாகவேண்டும்.

கமிட்டித் தேர்தலைப் பற்றி: முதல் சில ஆண்டுகள் எந்த அணியிலும் நிற்காதீர்கள். திருமண்டலத் தேர்தல்கள் (திருமண்டலம் என்பது ஒரு பேராயரின் கீழுள்ள சேகரங்கள்) நீதிமன்றம் வரை போவது நமக்குப் புதிதில்லை. பள்ளி, கல்லூரி, நிலம் என்று சொத்து இருக்கும் இடத்தில் அப்படித்தான் ஆகும். ஒரு அணியில் பெயர் விழுந்தால் மறு அணிக்காரர் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகும்போது கூட ஓட்டுக் கேட்க வந்தவராகவே உங்களைப் பார்ப்பார்கள். ஓட்டுப் போடுங்கள், கணக்கைக் கேளுங்கள். கணக்குத் தெரிந்தவராக இருந்தால் காணிக்கை எண்ணும் பணிக்குக் கை கொடுங்கள். ஆராதனை முடிந்த உடனே, வெஸ்ட்ரியில் (கோயிலின் பக்க அறையில்), இருவர் சேர்ந்து எண்ணி, பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடவேண்டும். ‘நாளைக்கு எண்ணிக்கலாம்’ என்று பையைக் கட்டி வைக்கும் இடத்தில்தான் எல்லாச் சந்தேகமும் பிறக்கும்.

ஒரு ஆண்டு இப்படி இருந்தும் ஒட்டவில்லை என்றால்? சலிப்பு வேறு, தீங்கு வேறு. பிரசங்கம் நீளம், பாட்டு மெதுவாகப் போகிறது, ஆயர் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதெல்லாம் சலிப்பு, பொறுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கைக் காட்ட மறுப்பது, பிள்ளைகள் தொடர்பான புகாரை அமுக்குவது, சாதி சொல்லி ஒருவரை இழிவுபடுத்தியபின் கமிட்டி வாய்மூடி இருப்பது, இவை தீங்கு. எழுத்தில் ஆயருக்கும், பிறகு பேராயர் அலுவலகத்துக்கும் கொடுங்கள். அசைவில்லை என்றால் இடமாற்றக் கடிதம் வாங்கிக்கொண்டு வேறு சேகரம் போவதில் தவறே இல்லை.

கடைசிக் கேள்வி, திருவிருந்து. சந்தேகம் இல்லாதவர்கள் மட்டும் முன்னே வரலாம் என்று எந்த முறைமையிலும் எழுதப்படவில்லை. பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டுத்தான் பந்திக்கே போகிறோம். வீம்புக்காகவோ, பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார் என்பதற்காகவோ எடுக்கவேண்டாம், அவ்வளவே. குழப்பம் இருந்தால் ஆயரிடம் பேசுங்கள், ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நாற்பது பேர் கைகுலுக்க நிற்கும்போது வேண்டாம். பல சேகரங்களில் திருவிருந்துக்கு முந்தைய நாள் மாலை ஆயத்த ஆராதனை உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள், முடிந்தபின் ஆயரும் அவசரமில்லாமல் இருப்பார். அன்று போய் உட்காருங்கள்.